பெயர் இல்லாத படை

இமயத்தில் 18,000 அடிக்கு மேல் ஏறிவிட்டால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். சமவெளியிலிருந்து போன சிப்பாய்க்குப் பத்தடி நடந்தாலே நெஞ்சு அடைக்கும். தலைமுறை தலைமுறையாக மலைக்காற்றிலேயே வாழ்ந்த திபெத்தியருக்கு அந்தத் தொல்லை குறைவு. டில்லி சர்க்கார் இதை நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தது.

1962-ல் சீனாவுடன் நடந்த யுத்தத்தில் அடிமேல் அடி விழுந்தபோது, நவம்பர் 14-ம் நாள், திபெத்திய அகதிகளைக் கொண்டு ஒரு மலைப்போர்ப் படை அமைக்கப்பட்டது. சிறப்பு எல்லைப்புறப் படை என்று பெயர். டேராடூனுக்கு அப்பால் சக்ராத்தாவில் முகாம். மலைச்சாலைகளில் கல் உடைத்துக் கூலி வாங்கிய அகதிச் சமூகத்தின் பிள்ளைகள் அங்கே பாறையேறவும், பாரசூட்டில் குதிக்கவும், கெரில்லாப் போர் புரியவும் கற்றார்கள். ஆனால் அவர்களை ராணுவத்தின் கீழ் வைக்கவில்லை. உளவு இலாகாவின் கீழ் வைத்தார்கள்.

1971-ல் வங்கதேச யுத்தம் வந்தது. பனிமலைக்குப் பழகிய இந்தப் படையைச் சிட்டகாங் மலைக்காடுகளுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் போனார்கள். 56 பேர் மாண்டார்கள். சுமார் 190 பேர் காயமுற்றார்கள். அவர்கள் பெற்றதென்ன? 580 பேருக்கு ரொக்கப் பரிசு. வீரப் பதக்கம் இல்லை. காரணம் கேட்டால், ரகசியப் படையாம்!

யாருக்கு ரகசியம்? படையை நடத்திய தளபதி சுஜன் சிங் உபான் 1985-ல் சிட்டகாங் போரைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டுவிட்டார். தளபதி எழுதலாம், செத்தவன் பெயரை மட்டும் சொல்லக்கூடாதா?

2020 ஆகஸ்டு இறுதியில் லடாக்கின் பாங்காங் ஏரிக்குத் தெற்கேயுள்ள உச்சிகளைப் பிடிக்க மறுபடியும் இவர்களையே அழைத்தார்கள். அங்கே கண்ணிவெடியில் சிக்கி ஒரு திபெத்தியக் கம்பெனித் தலைவர் உயிரிழந்தார். அது 1962 யுத்தத்தில் புதைத்த வெடி என்று செய்திகள் வந்தன. அவர் உடல்மீது இந்தியக் கொடியும் திபெத்தியக் கொடியும் போர்த்தி, லே நகரில் பகிரங்கமாக மரியாதை செய்தார்கள். திரை அன்றே விலகிவிட்டது அல்லவா?

தோழர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்த திபெத்தியர் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். அகதியாய் வந்தவரும், 1987-க்குப் பின் அகதிப் பெற்றோருக்குப் பிறந்தவரும் சட்டத்தின் கண்ணில் அந்நியர். பதிவுச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வாழ வேண்டும். எல்லையைக் காக்கப் போகலாம், எல்லைக்குள் குடிமகனாக முடியாது என்றால் இது என்ன நியாயம்?

குடியுரிமை வேண்டாம், தாயகம் திரும்புவோம் என்போரும் அவர்களில் உண்டு. அது அவர்கள் முடிவு. அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. ஆனால் இந்தப் படையில் ஊழியம் செய்தவர் யாராயினும், அவரோ அவர் மக்களோ கேட்டால் குடியுரிமை தர வேண்டும். 1971-ல் மாண்ட 56 பேரின் பெயர்களை சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ராணுவச் சிப்பாய்க்கு உள்ள சம்பளமும் ஓய்வூதியமும் குறைவின்றி இவர்களுக்கும் உண்டு என்று நாடறியச் சொல்ல வேண்டும்.

வேலை வாங்கும்போது ஆளைத் தெரியும், கூலி கேட்கும்போது ஆளைத் தெரியாது என்னும் முதலாளிகளை நாம் ஆலை வாசலில் பார்த்திருக்கிறோம். சர்க்காரும் அப்படி நடந்தால் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?