உலர்தலைக் குறிக்கும் சொற்கள்: பிழைத்தவையும் மறைந்தவையும்

போட்டித் தேர்வுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல்களில் 'டெசிக்கேட்', 'ஆரிட்', 'டாரிட்' ஆகிய மூன்றையும் 'வறட்சி' என்னும் ஒரே கூட்டில் அடைத்துவிடும் பழக்கம் உண்டு. மனப்பாடத்திற்கு அது எளிது. ஆனால் சொல்லறிவுக்கு அது கேடு.

மூன்றும் இலத்தீனிலிருந்து வந்தவையே எனினும் வேர்கள் வெவ்வேறு. 'சிக்குஸ்' என்றால் ஈரமற்றது. அதிலிருந்து பிறந்த 'சிக்காரே' உலர்த்தும் செயலைக் குறிக்கும். 'டெசிக்கேட்', அரிதாக வழங்கும் 'எக்சிக்கேட்' இரண்டும் இதன் வழித்தோன்றல்கள். 'ஆரேரே' செயலன்று, நிலை, வறண்டு கிடத்தல். 'டொர்ரேரே' வெப்பத்தால் வாட்டுதல், வறுத்தல். காலையுணவின் 'டோஸ்ட்' இவ்வேரின் பிள்ளை. கொதித்துப் பாய்வது என்ற பொருள்வழியே, பெருவெள்ளத்தைச் சுட்டும் 'டாரென்ட்' என்பதும் இதே வேரில் கிளைத்தது. வறட்சிக்கும் வெள்ளத்திற்கும் ஒரே தாய்!

இச்சொற்கள் அனைத்தும் ஒருபோல் நிலைக்கவில்லை. வேதியியல் கூடத்தில் ஈரம் புகாமல் பொருளைக் காக்கும் கண்ணாடிக் கலம் 'டெசிக்கேட்டர்'. ஆளிவிதை எண்ணெய் வண்ணம் விரைந்து இறுகச் சேர்க்கப்படும் கோபால்ட், மாங்கனீசு சேர்மங்கள் 'சிக்கேட்டிவ்'. அவ்வெண்ணெய் நீராவியாகி உலர்வதில்லை; காற்றின் ஆக்சிசனோடு வினைபுரிந்து இறுகுகிறது. அறிவியல் விளக்கம் மாறிய பின்னும் தொழில் அச்சொல்லைக் கைவிடவில்லை. ஓக், பீச் மரங்களில் குளிர்காலத்திலும் உதிராமல் தொங்கும் வாடிய இலைகளைத் தாவரவியலார் 'மார்செசென்ட்' என்பர். வாடுதலைக் குறிக்கும் 'மார்கேரே' அதன் வேர்.

ஆனால் 'ஆரேரே'யின் வழிவந்த 'ஆரிஃபை' எங்கே? 'உலரச் செய்' என்று துல்லியமாகப் பொருள் தரும் அச்சொல் இன்று பேரகராதியின் மூலையில் உறங்குகிறது. அதற்குப் பொருட்குறை ஏதுமில்லை. 'டிரை' என்னும் எளிய சொந்தச் சொல் அன்றாடப் பேச்சைப் பார்த்துக்கொண்டது. 'ஆரிஃபை'யைத் தனக்கென ஏற்க எந்தத் தொழிலும் முன்வரவில்லை.

துல்லியம் மட்டுமே ஒரு சொல்லைக் காப்பதில்லை; அதை நாளும் கையாளும் கைகள் வேண்டும். எனவே அருஞ்சொல்லைக் கற்பிப்போர் அதன் வேரையும் அது உழைக்கும் இடத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். கலைச்சொல் ஆக்கும் தமிழருக்கும் இதில் பாடம் உண்டு: புதுச்சொல்லை ஆக்கியதோடு பணி முடிவதில்லை, அதைப் பட்டறையிலும் ஆய்வகத்திலும் புழங்கவிட வேண்டும். பட்டியலில் மட்டும் வாழும் சொல், வேரற்ற செடிபோல் விரைவிலேயே உலர்ந்துபோகும்.