மூளையில் ரத்தக்கசிவு: பிளேட்லெட் தேடி ஓடாதீங்க!

"அவசரம்! மூளையில் ரத்தக்கசிவு. பிளேட்லெட் தேவை. எல்லாருக்கும் அனுப்பவும்."

இப்படி ஒரு செய்தி வந்தா என்ன பண்றோம்? யோசிக்காம பத்து பேருக்கு அனுப்பறோம். நல்ல மனசுதான். ஆனா நோயாளி இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடறவர், பிளேட்லெட் எண்ணிக்கை சரியா இருக்கு, ஆபரேஷனும் இல்லைன்னா, அந்த பிளேட்லெட் அவருக்கு உதவாது. கெடுதலே பண்ணலாம்.

ஏத்தணும்னு சொல்றவங்க வாதம் இதுதான். ஆஸ்பிரின் ஒரு பிளேட்லெட்டை முடக்கினா, அது அழியற வரைக்கும், அதாவது ஒரு வாரம் பத்து நாளைக்கு, முடங்கினது முடங்கினதுதான். அதனால புது பிளேட்லெட் ஏத்தினா கசிவு நின்னுடும். கேட்க சரியாத்தான் இருக்கு. டாக்டர்களும் இதை நம்பித்தான் பல வருஷம் ஏத்தினாங்க.

அப்புறம் சோதிச்சுப் பார்த்தாங்க. நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் மூணு நாட்டுலயும் சேர்த்து 60 மருத்துவமனைகள், 190 நோயாளிகள். ஆராய்ச்சிக்கு 'பேட்ச்'னு பேர். 2016-ல் லான்செட் இதழ்ல வந்தது. 97 பேருக்கு பிளேட்லெட் ஏத்தினாங்க, 93 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூணு மாசம் கழிச்சு இறந்துபோனவங்க, அடுத்தவர் உதவியில்லாம நடமாட முடியாதவங்க எத்தனை பேர்னு பார்த்தா, ஏத்தினவங்கள்ல 72 சதவீதம், ஏத்தாதவங்கள்ல 56 சதவீதம். செலவும் பண்ணி நஷ்டமும்!

அமெரிக்க இதய சங்கத்தோட 2022 வழிகாட்டுதலும் இதையே சொல்லுது: ஆஸ்பிரின் சாப்பிடறவருக்குத் தானா வந்த கசிவு, அவசர ஆபரேஷன் இல்லை, அப்படின்னா ஏத்தக்கூடாது.

அந்தமான்ல இருந்து பார்த்தா இது இன்னும் உறைக்கும். பிளேட்லெட்டை ஃபிரிட்ஜ்ல வச்சு மாசக்கணக்குல காப்பாத்த முடியாது. 20-24 டிகிரியில ஆட்டிக்கிட்டே வச்சாலும் வழக்கமா 5 நாள்தான். சென்னையிலேர்ந்து கப்பல் வரவே ரெண்டரை மூணு நாள். கேம்பல் பே போர்ட் பிளேர்லேர்ந்து (2024-லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம்) கடல்ல 500 கிலோமீட்டருக்கு மேல. இங்க வீணாகிற ஒவ்வொரு பையும், டெங்குல ரத்தம் கசியறவருக்கோ கீமோ எடுக்கிற குழந்தைக்கோ போயிருக்க வேண்டியது.

"அப்ப கையைக் கட்டிக்கிட்டு நிக்கவா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. பண்ண வேண்டியது இருக்கு. 2023-ல் வந்த 'இன்டராக்ட் 3' ஆராய்ச்சி, இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகள், 7000-க்கும் மேல நோயாளிகள். மேல் ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துல 140-க்குக் கீழ கொண்டுவர முயற்சி, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்தறது, வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிடறவங்களுக்கு அதோட வேலையை முறிக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பண்ணினப்போ நிலைமை தேறினது. பிரஷர் பார்க்கிற கருவியும் ஊசி மருந்தும் டோனர் தேடாமலே கிடைக்கும் சமாச்சாரங்கள்தானே?

ஆகவே மக்களே, ரத்தம் கேட்டு ஓடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க:

1. பிரஷர் இப்ப எவ்வளவு? குறைக்க மருந்து ஆரம்பிச்சாச்சா?
2. ஆபரேஷன் உண்டா?
3. பிளேட்லெட் எதுக்கு? எண்ணிக்கை குறைவா, இல்லை ஆஸ்பிரினுக்காக மட்டுமா?

மூணாவதுக்கு "ஆஸ்பிரினுக்காக மட்டும்"னு பதில் வந்தா, மரியாதையா இந்த ஆராய்ச்சியைப் பத்திக் கேளுங்க. வாய் கோணி, கை கால் இழுத்துக்கிட்டவருக்கு வீட்டுலயே ஆஸ்பிரின் கொடுக்கவும் கொடுக்காதீங்க. அடைப்பா கசிவான்னு ஸ்கேன்தான் சொல்லும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். படிச்ச பேங்க் ஆபீசர். அந்தச் சோதனையில குளோபிடோக்ரெல் மட்டும் சாப்பிட்டவங்க ரொம்பக் கம்மி. அடிபட்டு வந்த கசிவு அதுல சேராது. இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் இதய மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அது இதைவிடப் பெரிய வம்பு.