சதையிக்குள் ஒரு தீவுக் கூட்டம்



குறிகட்டுவான் துறையில் படகேறினால் நயினாதீவுக்கு ஏறத்தாழ 20 நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம். அல்லாஹ் நம் வயிற்றுக்குள்ளும் ஒரு தீவுக் கூட்டத்தைப் படைத்திருக்கிறான். அங்கே போகும் வழியில் மற்றச் சமிபாட்டுச் சுரப்பிகளையும் பார்த்துச் செல்வோம்.

உணவின் வாசனை பட்டதுமே வாயில் நீர் ஊறுகிறது. மூன்று சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வேலை அது. அந்த நீரிலுள்ள நொதியம் சோற்றின் மாப்பொருளை வாயிலேயே உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பைச் சுவரின் சுரப்பிகள் அமிலத்தையும், புரதத்தை உடைக்கும் பெப்சினையும் தருகின்றன. அந்த அமிலம் சுவரையே அரித்துவிடாதபடி சளிப் படலமும் அங்கேயே சுரக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரல் சுரக்கும் பித்தம், கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக்குகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கிடப்பது சதையி. தமிழ்நாட்டில் கணையம் என்பார்கள். இதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, மாப்பொருள், புரதம், கொழுப்பு மூன்றையும் சமிக்கச் செய்யும் சாற்றைக் குழாய் வழியே சிறுகுடலுக்கு அனுப்புவது. மற்றதை இதன் தீவுகள் செய்கின்றன. 1869இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் நுணுக்குக்காட்டியில் கண்ட கலக் கூட்டங்களே இவை. பாடநூல்கள் இவற்றை ‘லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள்’ என்கின்றன. எண்ணிக்கையில் பத்து இலட்சமளவு இருந்தாலும், சதையியின் எடையில் நூற்றில் ஓரிரு பங்குதான். இரத்தத்தில் சீனி கூடினால் இன்சுலினையும், குறைந்தால் குளுக்ககனையும் இவை நேரே இரத்தத்தில் விடுகின்றன. இன்சுலின் போதாமற் போனாலோ, உடல் அதற்கு இணங்காவிட்டாலோ வருவதுதான் சீனி வருத்தம்.

உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ இவ்வருத்தம் இருக்கிறதா? அப்படியானால் ரமழானுக்கு ஆறு வாரம் முன்பே வைத்தியரைக் காணச் செய்யுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார். நோன்பு கூடாது என்றால் அதையும் சொல்வார். தீவில் இருப்போர் இதில் இன்னும் கவனமாக வேண்டும். அஸருக்குப் பின் ஒருவர் சீனி இறங்கி மயங்கினால், குறிகட்டுவானுக்குக் கடல் கடந்து, பிறகு தரை வழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

“விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியுமே” என்று அஞ்சுவோர் உண்டு. முறியாது. உணவாகாத ஊசி மருந்தும், சோதனைக்காக இரத்தம் எடுப்பதும் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. இன்சுலின் ஊசியும் இதில் அடங்கும். சோதிக்கையில் சீனி 70க்குக் கீழ் இறங்கினாலோ, 300க்கு மேல் ஏறினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் வழிகாட்டல். நடுக்கம், குளிர் வியர்வை, தடுமாற்றம் கண்டாலும் மஃரிபுக்குக் காத்திராமல் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள்.

நோயாளி வேறு நாளில் நோற்கவும், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கவும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது. றப்பு தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தே. நோன்பை விட்ட உம்மாவைக் குற்றவாளிபோல் பார்க்காதீர்கள். கஞ்சி குடிக்க அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.