கீமேனுக்கும் வேண்டும் கவசம்

விடிந்தும் விடியாத நேரத்தில் கேங் டூல் ரூமிலிருந்து ஒருவர் கிளம்புகிறார். தோளில் நீண்ட பிடி போட்ட சுத்தியல், கையில் ஸ்பேனர், பையில் சிவப்புக் கொடியும் டெட்டனேட்டர்களும். அவர் கீமேன். தனக்கு ஒதுக்கிய பீட்டில் உள்ள தண்டவாளத்தைத் தினமும் கிலோமீட்டர் கணக்கில் நடந்து பார்ப்பது அவர் வேலை. தண்டவாளத்தைச் சிலீப்பரோடு பிணைக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்க வேண்டும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டில் போல்ட் கழன்றிருந்தால் முடுக்க வேண்டும். வெல்டிங் போட்ட இடத்தில் மயிரிழையாக விரிசல் ஓடியிருந்தாலும் அது அவர் கண்ணுக்குத் தப்பக் கூடாது. நாம் படுத்து உறங்கியபடி மதுரைக்கும் கோவைக்கும் நெல்லைக்கும் போய்ச் சேருவது, அவர் முந்தைய நாள் அடித்து வைத்த கிளிப்புகளின் மேல்தான்.

பத்துப் பேர் கேங்காக வேலை செய்யும் இடத்தில், வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். அவர் விசில் ஊதியதும் மற்றவர்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். கீமேனுக்கு அந்த ஆள் கிடையாது. மழைக்காலத்தில் டார்ச் விளக்கோடு இரவு ரோந்து போகும் பேட்ரோல்மேனுக்கும் பெரும்பாலும் கிடையாது. வேலை ஒழுங்காக நடக்க வேண்டுமானால் அவர்கள் கண் தண்டவாளத்தில் இருக்க வேண்டும். உயிர் பிழைக்க வேண்டுமானால் அதே கண் ரயில் வரும் திசையில் இருக்க வேண்டும். ஒரே ஆளால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. குனிந்து கிளிப்பை அடிக்கும்போது அவர் காதை நிறைப்பது சொந்தச் சுத்தியலின் ஓசைதான்.

ரயில்களும் முன்போல் இல்லை. டீசல் எஞ்சின் ஓடிய காலத்தில் வண்டி வருவதை அதன் இரைச்சல் தொலைவிலிருந்தே சொல்லிவிடும். மின்மயமான பாதையில் வண்டி அவ்வளவு சத்தம் போடுவதில்லை. எதிர்க்காற்று அடித்தால் அதுவும் கேட்காது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு வினாடியில் 36 மீட்டரைக் கடக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி வளைவில் அதன் முகம் தெரிந்தால், 28 வினாடிக்குள் அது ஆளின் மேல் இருக்கும். இரட்டைப் பாதையில் ஆபத்தும் இரட்டிப்பு. ஒரு வண்டிக்கு ஒதுங்கி அடுத்த தடத்தில் கால் வைக்கும்போது, முதல் வண்டியின் ஓசையில் அமுங்கியபடி எதிர்த்திசையில் இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கும். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை இன்று இரட்டைப் பாதை. பயணிக்கு நேரம் மிச்சம். தண்டவாளத்தில் தனியே நடப்பவருக்கு, இரு பக்கமும் கவனிக்க வேண்டிய கட்டாயம்.

இந்த ஆபத்துக்கு மாற்று இல்லாமல் இல்லை. உடலில் அணியக்கூடிய எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. ரயில்வேயே அதற்கு ‘ரக்ஷக்’ என்று பெயர் வைத்திருக்கிறது. வி.எச்.எஃப். வானொலி அலையில் இயங்கும் அமைப்பு அது. அதன் வேலை எளியது. ரயில் வரப்போகும் செய்தியை நிலையத்தில் உள்ள கருவி அலைவழியே அனுப்புகிறது. பாதையில் நிற்பவர் அணிந்திருக்கும் கருவி அதைப் பெற்று அவரை எச்சரிக்கிறது. ரயில் கண்ணுக்குத் தெரியும் முன்பே, காதுக்குக் கேட்கும் முன்பே அவருக்குச் செய்தி வந்துவிடும். கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு ஜல்லி மேட்டைவிட்டு இறங்கிப் போய் நிற்க அவகாசம் கிடைக்கும்.

இரண்டு ரயில்கள் மோதாமல் தடுக்கும் ‘கவச்’ அமைப்பைப் பற்றி இன்று தேநீர்க் கடையில்கூடப் பேசுகிறார்கள். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சிதைந்ததும், 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியதும் அந்தப் பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்தன. ரக்ஷக் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு மோதலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தால் நாடு அதிர்கிறது. ஒரு கீமேன் இறந்தால் உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரி. ஆனால் ஒன்றொன்றாக விழும் இந்த உயிர்களைக் கூட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை பணியில் இறந்த ரயில்வே ஊழியர்கள் ஏறத்தாழ 1,600 பேர் என்றும், காயமடைந்தவர்கள் 8,700 பேர் என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதே காலத்தில் ரயில் விபத்துகளில் இறந்தவர்களைவிட இந்த எண்ணிக்கை அதிகம். அந்த அறிக்கைக்குப் பிறகும் இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன.

2024 ஜனவரி 22 இரவு, மும்பை வசாய் ரோடு – நாய்காவ் இடையே சிக்னல் பழுதைச் சரிசெய்யப் போன மூன்று ஊழியர்கள் புறநகர் ரயில் மோதி இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று, கேரளத்தின் ஷொரணூரில் பாரதப்புழை பாலத்தின் மேல் குப்பை அகற்றிக்கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸில் அடிபட்டு மாண்டார்கள். நால்வரும் சேலம் மாவட்டத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள். இவர்கள் தனியாக இல்லை. கூட்டமாகத்தான் வேலை செய்தார்கள். சேர்ந்து நின்றவர்களுக்கே வண்டி வருவது தெரியாமல் போகிறது என்றால், வளைவுக்கு அப்பால் ஒற்றை ஆளாகக் குனிந்து நிற்பவரின் கதி என்ன?

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். கீமேனுக்கும் பேட்ரோல்மேனுக்கும் உடலோடு எடுத்துச்செல்லும் ஒரு கருவியைப் பல கோட்டங்களில் ரயில்வே ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. அது ஜி.பி.எஸ். டிராக்கர். எத்தனை மணிக்குக் கிளம்பினார், எங்கே நின்றார், பீட்டை முழுதாக நடந்தாரா என்பதையெல்லாம் அது அலுவலகத்துக்குக் காட்டும். அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தானும் அதில் உண்டு. இந்தக் கருவியை நாம் குறை சொல்லவில்லை. பாம்பு கடித்தோ நெஞ்சு வலித்தோ ஆளரவமற்ற இடத்தில் ஒருவர் விழுந்தால், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் ஊழியர் எங்கே இருக்கிறார் என்று ரயில்வேக்குச் சொல்லும் கருவி பல கோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ரயில் எங்கே வருகிறது என்று ஊழியருக்குச் சொல்லும் கருவி இன்னும் எல்லார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கண்காணிப்புக்கு இருந்த அவசரம் காப்பாற்றுவதற்கு இல்லாமல் போனது எப்படி? தனியே வேலை செய்பவர் அணியும் கருவி முதலில் அவருக்கு உழைக்க வேண்டும். மேலதிகாரிக்கு உழைப்பது அதற்குப் பிறகு.

எனவே நம் கோரிக்கை இது: வேலை செய்யும் எச்சரிக்கைக் கருவி உடம்பில் இல்லாமல் ஒருவரும் தனி ஆளாக ஓடும் பாதையில் இறங்கக் கூடாது. கருவி இல்லையென்றால், அல்லது பழுதென்றால், அன்று கூட ஓர் ஆளை அனுப்ப வேண்டும். இதைச் சுற்றறிக்கையாக விட்டுவிடாமல் விதியாகவே எழுத வேண்டும். நிரந்தர ஊழியர், ஒப்பந்தப் பணியாளர் என்ற பேதமும் அந்த விதியில் இருக்கக் கூடாது. ஷொரணூர் பாலத்தில் வந்த ரயில், யார் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று பார்த்து வரவில்லை.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்புகளை நாம் அறிவோம். முதல் எதிர்ப்பு, மலைக்குடைவிலும் சுரங்கப்பாதையிலும் அலை எட்டாது, பேட்டரி தீர்ந்துவிடும் என்பது. உண்மைதான். அதனாலேயே கருவியின் வடிவமைப்பில் ஒன்றை விட்டுக்கொடுக்கக் கூடாது. தொடர்பு அறுந்தாலோ மின்சாரம் குறைந்தாலோ அந்தக் கருவி அதையே ஓர் எச்சரிக்கையாக ஒலிக்க வேண்டும். கருவி சும்மா இருக்கிறது, ஆகவே வண்டி இல்லை என்று ஒருவர் நம்பி நிற்கும் நிலை, கருவியே இல்லாத நிலையைவிட மோசமானது. கருவி இல்லாதவர் அடிக்கொரு தரம் திரும்பியாவது பார்ப்பார்.

இரண்டாவது, நெரிசலான பாதையில் கருவி ஓயாமல் கத்தும், ஊழியர்கள் அணைத்துவிடுவார்கள் என்பது. இதுவும் நடக்கக் கூடியதே. பக்கத்துத் தடத்து வண்டிக்கும் எங்கோ போகும் வண்டிக்கும் சேர்த்து ஒலிக்கும் கருவியை நாலாம் நாள் யாரும் மதிக்க மாட்டார்கள். எந்தத் தடம், எந்தத் திசை என்று பிரித்துச் சொல்லும்படி அதைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் அலுவலக மேசையில் நடக்காது. வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நடந்த கீமேனையும் டிராக்மேனையும் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். வியர்வையில் நழுவுகிறதா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, சுத்தியல் அடிக்கும்போது அதிர்வு தெரிகிறதா என்பதற்கெல்லாம் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

மூன்றாவதை நிர்வாகம் வாய்விட்டுச் சொல்லாது, செய்துவிடக்கூடும். கருவி வந்துவிட்டதால் ஆளைக் குறைக்கலாம் என்ற கணக்கு அது. இதை முளையிலேயே கிள்ள வேண்டும். கூட ஓர் ஆள் தேவைப்படும் இடத்தில் ஆளுக்குப் பதிலாகக் கருவியைக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது. காலிப் பணியிடங்களை நிரப்புவது ஒரு கடமை, கருவி தருவது இன்னொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இடம் தரக் கூடாது.

பிரிட்டன் இதை உயிர்விலை கொடுத்துக் கற்றது. 2019 ஜூலை 3 அன்று வேல்ஸில் மார்கம் என்ற இடத்தில், ரயில் ஓடும் பாதையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் ரயில் மோதி இறந்தார்கள். இரைச்சலான இயந்திரத்தோடு வேலை செய்ததால் காதுக்காப்பு அணிந்திருந்தார்கள். ரயில் வருவது அவர்களுக்குத் தெரியவில்லை. செவியைக் காக்க அணிந்த சாதனமே எச்சரிக்கை ஒலியை மறைத்திருக்கக்கூடும். அதன்பிறகு அந்நாட்டு ரயில்வே, வெறும் கண்ணையும் காதையும் நம்பி ஓடும் பாதையில் வேலை செய்யும் முறையைப் பெருமளவு குறைத்தது. முடிந்த இடங்களில் ரயிலை நிறுத்திவிட்டே வேலை. முடியாத இடங்களில் கருவி வழி எச்சரிக்கை. அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம். பெரிய வேலைகளுக்குத் தாராளமாக லைன் பிளாக், அதாவது ரயிலை நிறுத்திவைக்கும் நேரம், கொடுக்க வேண்டும். நடந்தே பார்க்க வேண்டிய கீமேனுக்கு, நடக்கும்போதே எச்சரிக்கும் கருவி.

அதே பிரிட்டனில் தனியாகப் பணிபுரிவோருக்கான கருவிச் சேவைக்கென்றே ‘பி.எஸ். 8484’ என்ற தரநிலை இருக்கிறது. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதோடு அது நிற்பதில்லை. அழைப்பு வந்தால் மறுமுனையில் எடுக்கும் மையம் எப்படி இயங்க வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது. அவசரப் பொத்தான் என்பது பாதி ஏற்பாடுதான். அதை அழுத்தும்போது எடுக்க ஓர் ஆளும், எடுத்தவர் அனுப்ப ஒரு வண்டியும் இருந்தால்தான் அது முழுமை பெறும். இரவில் ஒற்றை ஆளாக லெவல் கிராசிங்கில் உட்கார்ந்திருக்கும் பெண் கேட்கீப்பருக்கு இது உயிரும் மானமும் சார்ந்த விஷயம். தமிழ்நாட்டிலேயே பணியிடத்தில் தாக்கப்பட்ட பெண் ஊழியர்கள் உண்டு. அவர்கள் பொத்தானை அழுத்தினால் எத்தனை நிமிடத்தில் ஆள் வரும் என்பதை ஒவ்வொரு கோட்டமும் ஒத்திகை பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

தனிமையில் உழைப்பவர்கள் ரயில்வேயில் மட்டும் இல்லை. கம்பத்தில் ஏறும் லைன்மேனின் மணிக்கட்டில் இருக்கும் மின்னழுத்த உணர்கருவி, அணைத்துவிட்டதாக நினைக்கும் கம்பியில் யாரோ வீட்டு ஜெனரேட்டர் வழியே மின்சாரம் திரும்பி வருவதைக் காட்டிக்கொடுக்கும். கருவி கூடாத இடமும் உண்டு. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குபவர் சட்டையில் விஷவாயு உணர்கருவியைக் குத்திவிட்டு அனுப்புவது தீர்வாகாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனிதரை அங்கே அப்படி இறக்குவதே குற்றம். தவிர்க்கக்கூடிய ஆபத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாத ஆபத்துக்குத்தான் கருவி.

கீமேனின் நடை தவிர்க்க முடியாதது. அவர் நடக்காவிட்டால் ரயில் ஓடாது. தண்டவாளம் உடைந்திருப்பதை அவர் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ரயில்வே விதி அங்குலம் பிசகாமல் சொல்கிறது. வண்டி வரும் திசையில் சிவப்புக் கொடியைக் காட்டியபடி ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு டெட்டனேட்டர். அங்கிருந்து மேலும் ஓடி, 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். அந்த விதியை நம்பி, மூச்சிரைக்க ஓடி, ரயில்களைக் காப்பாற்றிய கீமேன்கள் நம் ஊர்ப் பாதைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையில் பாராட்டுச் சான்றிதழும் ரொக்கமும் கொடுத்திருக்கிறோம்.

ரயிலுக்கு 1,200 மீட்டர் முன்னால் எச்சரிக்கை தர வேண்டும் என்பது கீமேனுக்கு ரயில்வே எழுதிய விதி. ரயில் வருகிறது என்று கீமேனுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற விதியை ரயில்வே தனக்கும் எழுதிக்கொள்ளட்டும். விடியற்காலையில் டூல் ரூம் திறக்கும்போது சுத்தியலுக்கும் சிவப்புக் கொடிக்கும் பக்கத்தில், சார்ஜ் ஏறிய நிலையில், அந்தக் கருவியும் இருக்கட்டும்.