காரியப் பத்திரிகைக்கும் ஓர் அலமாரி

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஒருவர் இறந்தால், சில மணி நேரத்தில் தெருமுனைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அச்சாகிறது. ஆண்டு திரும்பும்போது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வருகிறது. குழந்தை பிறந்த வீட்டிலிருந்து பெயர் சூட்டு விழா, காதணி விழா அழைப்பிதழ்கள். கிறிஸ்தவ வீடுகளிலிருந்து ஞானஸ்நான அட்டை, புதுநன்மை நினைவுப் படம், அடக்க ஆராதனைத் தாள். சாதாரணக் குடும்பம் ஒன்று தன்னைப் பற்றித் தானே அச்சில் ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் தாள்களில் மட்டும்தான். கிளை நூலகங்களின் வழக்கமான கொள்முதலில் இவற்றுக்கு இடமில்லை. சென்னையின் மேற்குப் புறநகர் நூலகங்கள் இனி இவற்றைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

வீடுகளே வைத்துக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்கலாம். கல்யாணப் பத்திரிகையைப் பீரோவில் வைத்திருப்பார்கள். சாவுச் செய்தி தாங்கிய தாளை நம் வீடுகள் வைத்துக்கொள்வதில்லை. இழவுக் கடுதாசியைப் படித்த கையோடு கிழித்துப் போடும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. காரியப் பத்திரிகையை வாசற்படிக்கு உள்ளே கொண்டுவராத பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் குறை சொல்லப் போவதில்லை. வீட்டில் வைக்க மனம் வராத தாளுக்குப் பொது இடம் ஒன்று வேண்டும் என்பதற்கு அதுவே வலுவான காரணம். ஒருவர் வாழ்ந்தார், இன்னாருக்குப் பெற்றோராக இருந்தார், இன்ன நாளில் போனார் என்று சொல்லும் ஒரே அச்சுத் தாள், அவருடைய சொந்த வீட்டிலேயே தங்க முடியாமல் போகிறது.

இந்தப் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960களில் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை (எச்.வி.எஃப்.) அமைந்தது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று இங்கே பெரும்பகுதி. தொழிற்சாலையின் வரலாறு அரசிடம் இருக்கிறது. 1955 ஆவடி காங்கிரஸ் மாநாடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அங்கே லேத் ஓட்டியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், யாரை மணந்தார், எந்தத் தெருவில் மனை வாங்கினார் என்பது எங்கே இருக்கிறது?

அவருடைய காரியப் பத்திரிகையில் இருக்கிறது. மேலே சொந்த ஊர். கீழே ஆவடி முகவரி. பெயருக்குப் பக்கத்தில் ‘எச்.வி.எஃப். ஓய்வு’. பிறகு மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள், சம்பந்திகள் என்று ஒரு முழுக் குடும்பப் பட்டியல். அரசுக் காகிதத்தில் ‘இன்னாரின் மனைவி’ என்று மட்டும் நின்றுபோன பெண்களுக்குக்கூட இங்கே அவரவர் பெயர் இருக்கிறது. சிவலோகப் பதவி அடைந்தாரா, பரமபதித்தாரா, கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாரா, இயற்கை எய்தினாரா என்ற ஒரு வரி, அவர் எந்த நம்பிக்கையோடு வாழ்ந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர்விட்டு ஊர் வந்தவர்களைத் தொகையாக எண்ணும். வந்தவர் பெயரையும் விட்டு வந்த ஊரையும் சேர்த்துச் சொல்வது இந்தத் தாள்.

இதில் உணர்ச்சி மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் ஒரே சீராகக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன்பு இறந்த பாட்டனுக்குச் சான்று தேடி வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் அலைகிறவர்களைத் தாலுகா அலுவலகத்தில் இன்றும் பார்க்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், உறவுமுறையை நிறுவக் குடும்ப வம்சாவளி, கல்லறை வாசகம், குடும்பப் படம் போன்றவற்றில் உள்ள கூற்றை ஏற்றுக்கொண்டது. தகராறு எழுவதற்கு முன்பே அது எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அதைத் தொடர்கிறது. இத்தகைய தாள்கள் வேறு நாட்டிலும் சான்றாக நின்றிருக்கின்றன. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்கள் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் பூவேலை செய்த தாள்களில் பதிந்து வைத்தன. அமெரிக்க விடுதலைப் போர் வீரர்களின் விதவைகள் ஓய்வூதியம் கேட்டபோது அந்தத் தாள்களைச் சான்றாக இணைத்தார்கள். அவை இன்றும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பூந்தமல்லியில் வெள்ளையர் படை இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்துப் படைக் குடியிருப்புகளில் பாதிரிமார் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் இன்று யாரும் அவற்றைப் பார்க்கலாம். மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜே. ஜே. காட்டன் தொகுக்க, 1905இல் அது நூலாகவே வந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து போன சிப்பாயின் குழந்தையை அந்த வெள்ளையரின் வழிவந்தவர்களால் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. 1974இல் அதே பூந்தமல்லியில் இறந்த நம் பாட்டியின் நாள், பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. இந்த நிலை நமக்கு வலிக்க வேண்டும்.

தமிழர்களால் இது முடியாது என்றும் சொல்ல இயலாது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, இரங்கற்பா, தேவார திருவாசகம் எல்லாம் சேர்த்து ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். ‘கல்வெட்டு’ என்றே அதற்குப் பெயர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிக்கப்பட்டன. அந்த இழப்பை அறிந்த சமூகம், 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத்தில் இந்த நினைவு மலர்களையும் தேடித் தேடி ஏற்றிவருகிறது. போரில் ஊரும் வீடும் இழந்து உலகெங்கும் சிதறிய குடும்பங்கள் தங்கள் பாட்டன் பூட்டன் பெயரை அங்கே கண்டெடுக்கின்றன. இங்கே கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராக நூல்களோடு அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்தார். அவர் சேர்த்தவையே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. ஒரு மனிதர் செய்ததை ஓர் ஊர் நூலகத்தால் செய்ய முடியாதா?

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. முதலாவது, சாதி. பழைய பத்திரிகைகளில் சாதிப் பட்டம் அப்பட்டமாக இருக்கும். அவற்றைக் காப்பது சாதியைக் காப்பதாகாதா? ஆகாது. யார் எப்போது பட்டத்தை விட்டார்கள், யார் விடவில்லை என்பதை நாளை ஆராய்கிறவருக்கு இதைவிட நேர்மையான சான்று கிடையாது. ஒளித்து வைத்தால் அந்த மாற்றமும் சேர்ந்தே மறைந்துவிடும். இரண்டாவது, அந்தரங்கம். பத்திரிகையில் கைபேசி எண் இருக்கிறது, குழந்தைகளின் பெயர் இருக்கிறது. இந்தக் கவலை நியாயமானது. ஆகவே குடும்பத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது. தொலைபேசி எண்ணை மறைத்தே நகல் தர வேண்டும். குழந்தைகள் தொடர்பான அழைப்பிதழ்களை அவர்களுக்குப் பதினெட்டு வயதாகும்வரை பொதுப் பார்வைக்கு வைக்கக் கூடாது. இணையத்தில் ஏற்றுவது அதற்குப் பிந்திய முடிவு.

காலம் வேறு நெருக்குகிறது. பெருந்தொற்றின்போது கூடி அழக்கூட முடியாத குடும்பங்கள் அஞ்சலியை வாட்ஸ்அப்பில் அனுப்பின. அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. கைபேசி மாறும்போது அந்தப் படமும் போய்விடுகிறது. தெருவில் ஒட்டிய ஃபிளெக்ஸ் மழைக்குத் தாங்குவதில்லை. ஈய எழுத்துக் கோத்து டிரெடிலில் அடித்த பழைய அச்சகங்கள் மூடிவிட்டன. அவர்களிடம் இருந்த மாதிரிக் கட்டுகளும் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. முதலில் அங்கேதான் ஆள் அனுப்ப வேண்டும்.

பணம் இல்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி இந்த மூன்று ஊர் மக்களும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறார்கள். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. வீடுகள் பெருகப் பெருக வரியும் பெருகுகிறது. கேட்பது ஒரு பூட்டுள்ள அலமாரி, அமிலமில்லாத உறைகள், பெயர், நாள், சொந்த ஊர், தெரு எழுதிய பதிவேடு, ஒரு ஸ்கேனர். மாவட்ட நூலக ஆணைக்குழு ஒரே சுற்றறிக்கையில் இதைத் தொடங்கிவைக்கலாம். மின்னுருவாக்கத்தில் தேர்ந்த தமிழ் இணையக் கல்விக்கழகம் வழிகாட்டலாம். திருச்சபைகள் தங்கள் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைச் செல்லரிக்கும் முன் நகலெடுக்க முன்வர வேண்டும். அச்சகத்தார் ஒவ்வொரு காரியப் பத்திரிகையிலும் ஆங்கில ஆண்டைத் தவறாமல் போட்டு, குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டு, ஒரு படியை நூலகத்துக்கென்று தனியே எடுத்துவைக்க வேண்டும்.