வீடு திரும்பும் வரை: வருவாய் நிர்வாக ஆணையருக்கு ஒரு திறந்த மடல்



வெள்ளமோ புயலோ ஓய்ந்த முதல் வாரத்தில் முகாம்களில் சோற்றுக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. கோயில் மடப்பள்ளி, பள்ளிவாசல், தேவாலயம் என எல்லா இடத்திலும் அடுப்பு எரிகிறது. இரண்டாவது மாதத்தில் நிலைமை வேறு. முகாம் மூடப்பட்டிருக்கும், வீடோ இன்னும் குடியிருக்கத் தகுதியாகியிருக்காது. குடும்பங்கள் வட்டிக்கு வாங்குவதும் ஊரை விட்டுப் போவதும் இந்த இடைவெளியில்தான். சமயத் தொண்டர்களின் முழுப் பலனும் கிடைக்கக்கூடிய காலமும் இதுவே.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல்களை எடுத்து அடக்கம் செய்வதில் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள், இறந்தவர் என்ன மதம் என்று பாராமல் முன்னின்றனர். அடுத்து வந்தது நீண்ட வேலை. 2005 ஜனவரியில் வந்த அரசாணை 25, மறுவாழ்வுப் பணியில் தொண்டு நிறுவனங்கள் அரசோடு சேர வழி திறந்தது. மாதா அமிர்தானந்தமயி மடம், கத்தோலிக்க, லுத்தரன் சமூக சேவை அமைப்புகள் உட்படப் பலரும் வீடு கட்ட வந்தனர். மார்ச் மாத அரசாணை 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோருக்கு அப்பால் புது வீடு என்றது; அங்கேயே தங்க விரும்புவோருக்கு வீட்டு உதவி இல்லை என்றது. புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதச் சொன்னது அந்த ஆணையின் சிறந்த பகுதி. ஆனால் வீடு வரும்வரை மக்கள் கிடந்தது தார் ஷீட் கொட்டகைகளில். கோடையில் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. அந்த ஆண்டின் மழையில் தண்ணீர் புகுந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் முஸ்லிம் தொண்டர்கள் தெருக்களோடு கோயில்களையும் கழுவிவிட்டது பரவலாகப் பேசப்பட்டது. வீடுகளுக்குள் நடக்கும் வேலையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தண்ணீர் வடிந்த வீட்டில் கணுக்கால் உயரச் சேறு நிற்கும். ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை வெளியே இழுக்க நான்கு பேர் வேண்டும். பீரோ கதவு இறுகியிருக்கும். நெம்பித் திறந்தால் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடக்கும். அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து நிழலில் உலர்த்த வேண்டும். சம்ப்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டும். மெயின் சுவிட்சைப் போடுமுன் எலக்ட்ரீஷியன் ஒயரிங் முழுவதையும் பார்த்தாக வேண்டும். வயதான தம்பதிக்கோ கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கோ இது முடிகிற காரியமில்லை. ஆள் வைக்கக் காசும் இருக்காது.

ஜமாஅத்தும் தேவாலயப் பங்கும் கோயில் கமிட்டியும் அந்தத் தெருவிலேயே இருப்பவை. திட்டக் காலம் முடிந்துவிட்டது என்று அவை மூட்டை கட்டுவதில்லை. எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், எந்த வீட்டுக்குப் பட்டாவே இல்லை என்பதெல்லாம் அவற்றில் இருப்போருக்கு அத்துப்படி.

இதே நெருக்கம் குறையாகவும் மாறுகிறது. தம் சபையார், தம் ஜமாஅத்தார் என்ற எல்லைக்குள் உதவி சுருங்கலாம். ஆழிப்பேரலைக்குப் பின் படகும் வலையும் இழந்தோரின் கணக்கு முதலில் எடுக்கப்பட்டது. தலித் விவசாயக் கூலிகளும் இருளர் குடும்பங்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61, நிவாரணத்தில் சாதி, மத, பால் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தொண்டு அமைப்புகளுடன் போடும் ஒப்பந்தத்திலும் இதை எழுத வேண்டும். உதவி பெறும் வீட்டில் மதப் பிரச்சாரம் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும். உண்மையான தொண்டர்கள் இந்த நிபந்தனைகளுக்குத் தயங்கமாட்டார்கள்.

ஆணையர் அலுவலகம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. ஆப்த மித்ரா போன்ற பேரிடர்த் தொண்டர் பயிற்சிகள் மீட்பையும் முதலுதவியையுமே முதன்மையாகச் சொல்லித்தருகின்றன. சேறகற்றல், கிணறும் சம்ப்பும் சுத்திகரித்தல், தொலைந்த ஆவணங்களுக்கு விண்ணப்பித்தல் ஆகியவற்றையும் சேர்க்கலாம். ஒவ்வொரு தாலுகாவிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எல்லாச் சமய அமைப்புகளையும் வட்டாட்சியர் ஒரே மேசையில் உட்காரவைக்கலாம். மோட்டார் பம்பு, கையுறை, கம்பூட்ஸ் எங்கே இருக்கின்றன என்று அப்போதே எழுதிவைக்கலாம்.

பேரிடருக்குப் பின் அந்த மேசையில் இருக்க வேண்டியது ஒரே பட்டியல். அது கிராம நிர்வாக அலுவலர் வீடு வீடாகச் சென்று எடுத்ததாக, வாடகைக்கு இருந்தோரையும் புறம்போக்கில் இருந்தோரையும் சேர்த்ததாக இருக்க வேண்டும். எந்தக் குடும்பம் எந்த அமைப்புக்கு என்பதைத் தேவையை வைத்து வட்டாட்சியர் பிரித்துக் கொடுக்க வேண்டும். அமைப்புகளின் விருப்பத்துக்கு விடக்கூடாது. மின்சாரம் வந்து, குடிதண்ணீர் சுத்தமாகி, ரேஷன் கார்டு கையில் கிடைத்து, அந்த வீட்டில் மறுபடியும் உலை வைத்த பிறகே குடும்பத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.