சுறாக் குட்டியும் செவுள் வலையும்

சுறாமீனுக்குப் பரிந்து பேசுவதா என்று நேயர்கள் நகைக்கலாம். நாமும் முதலில் நகைத்தோம். ஆனால் தென் கலிபோர்னியாக் கரையோரத்து வெள்ளைச் சுறாக் குட்டிகளின் நிலை பரிதாபமானது. பிறக்கும்போதே 4, 5 அடி நீளமிருந்தும் தாயின் துணை கிடையாது. குட்டிகளின் உடலிற் பொருத்திய கருவிகள் ஆழத்தைக் குறித்துக் காட்டின: எப்போதேனும் குளிர்ந்த ஆழத்தில் இறங்கினாலும், வெதுவெதுப்பான மேல்நீரையே அவை பெரிதும் நாடுகின்றன. வேறு மீனுக்காகக் கரையோரம் விரித்த செவுள் வலையில் அவை அகப்படுவதுண்டு. இச்சுறாவுக்கு நீந்தினால்தான் சுவாசம். வலை கட்டிப்போட்டால் மூச்சு முட்டி மாள்கிறது.

1990-ல் அம்மாகாண மக்கள் வாக்களித்து, தென் கரையிலிருந்து 3 மைலுக்குள் இவ்வலையை விலக்கினர். 1994-ல் தடை அமுலுக்கு வந்தது. அதற்கு அப்பால் விரித்த வலையையும் சீக்கிரம் இழுத்தால் குட்டி பெரும்பாலும் பிழைக்கிறது. அடிக்கடி இழுக்கும் மீனவருக்குக் கைவலிதான். அதற்கு நாம் என்ன கூலி தருவோம்?